உத்திரம் வைத்த கேக்

கட்டடத் தொழிலில் இருந்தவன் ஓய்வு பெற்ற பின்னும் சும்மா இருக்க மாட்டான், எதையாவது கட்டுவான். கட்டுவதற்கு மனை கிடைக்காவிட்டால் மாவில் கட்டுவான். அவ்வாறு மாவில் கட்டியது சரிந்தால், செங்கல் சரிவதைக் காட்டிலும் அதிகம் பேருக்கு அடிபடும் என்பது என் சொந்த அனுபவத்தில் நான் கண்ட உண்மை.

கடலூர் வட்டாரத்தில் நெடுங்காலம் மேஸ்திரியாக இருந்தேன். முழங்கால் சாரம் ஏற மறுத்தபோது, கரண்டியையும் தூக்குக்குண்டையும் கழுவித் துடைத்துப் பரண்மேல் வைத்தேன். சில நாட்கள் கழித்து, பேரனின் பிறந்தநாளுக்காக என் மருமகள் கைப்பேசியில் கேக் அலங்காரக் காட்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பெண்மணி தட்டைக் கத்தியால் கேக்கின் பக்கங்களில் கிரீமைத் தடவிச் சமன் செய்துகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா பூச்சு இது? மூலையெல்லாம் மொழுக்கையா வுட்டுட்டா. நம்ம சைட்டுல இப்படிச் செஞ்சா கூலி குடுக்க மாட்டேன்."

"அப்ப நீங்களே செய்ங்க மாமா," என்றாள் மருமகள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அதற்காக அவளும் இன்று வருந்துகிறாள்.

ஆறு மாத காலம் அடுப்படியே என் பணியிடமாயிற்று. பட்டர் கிரீம் என்பது வெயிலில் இளகிப் போகும் சிமென்ட் என்றும், ஃபாண்டன்ட் என்பது சர்க்கரையைப் பிசைந்து அப்பளம்போல் விரித்து மேலே போர்த்தும் பூச்சு என்றும், கேக்கின்மேல் சர்க்கரைத் தண்ணீர் தெளிப்பது புதுக் கட்டடம் இறுகத் தண்ணீர் காட்டுவதே என்றும் நானாகவே புரிந்துகொண்டேன். பேரனுக்குச் செய்த கேக் மண் அள்ளும் இயந்திரம். அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். (கேக்குக்கு ரசமட்டமா என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டுவிட்டாள்.) அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு மாவரைக்கும் கிரைண்டரைத் தத்ரூபமாகச் செய்து முன்னே வைத்தேன்.

"பொறந்த நாளு அன்னிக்குமா இத என் கண்ணுல காட்டணும்?" என்று கேட்டுவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாள். அதையும் நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கலையைப் புரிந்துகொள்ளும் பக்குவம் அவளுக்கு இல்லை என்றே முடிவு செய்தேன்.

இந்த நிலையில்தான் என் தங்கை செல்வி சிதம்பரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். அவள் கணவர் தணிகாசலம் மாப்பிள்ளைக்கு அறுபத்தைந்தாம் பிறந்தநாள் வருகிறது; கேக் வேண்டும் என்றாள். அவள் கேட்டது கேக் மட்டும் அன்று என்பதை விளக்க, அந்தக் குடும்பத்தின் வழக்கைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஒரே தம்பி, குமரேசன். குறிஞ்சிப்பாடியில் இருசக்கர வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். தகப்பனார் விட்டுச் சென்ற, இப்போது மாப்பிள்ளை குடியிருக்கும் சிதம்பரத்து வீடு இருவருக்கும் பொது. அகலம் குறைவு, நீளம் அதிகம்: தெருப்பக்கம் முன்கட்டு, நடுவில் முற்றம், அப்பால் பின்கட்டு, கிணறு, கொல்லை. பாகம் பிரிக்கும் பேச்சு வந்தபோது, குறுக்கே பிரித்து முன்கட்டு தனக்கு, பின்கட்டு தம்பிக்கு என்றார் மூத்தவர். நீளவாக்கில் பிரித்தால்தான் இருவருக்கும் தெருவாசல் கிடைக்கும் என்றார் இளையவர். "நீளமாப் பிரிச்சா ரெண்டும் ரயில் பொட்டி மாதிரி ஆயிடும்டா" என்று அண்ணன் சொல்ல, "கொல்லப்பக்கமா வந்து போறதுக்கு நான் என்ன பால்காரனா?" என்று தம்பி கேட்க, அன்றோடு பேச்சு நின்றது. குமரேசன் அந்த வீட்டுப் படி மிதித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இருவருக்கும் நடுவில் நின்று மெலிந்தவள் என் தங்கை. குமரேசன் அரைக்கால் சட்டை போட்டிருந்த வயதில் அந்த வீட்டுக்கு வாழப் போனவள் அவள். அவரைத் தன் மூத்த பிள்ளையாகவே எண்ணுபவள்.

"அண்ணே, கெஞ்சிக் கூத்தாடி குமரேசன வரச் சம்மதிக்க வச்சிருக்கேன்," என்றாள். "இவுருகிட்டயும் பேசிட்டேன். கேக்க வெட்டி மொதத் துண்டத் தம்பி வாயில இவுரு ஊட்டணும். அவ்ளோதான். அதோட எல்லாம் சரியாப் பூடும். ஆனா ஒண்ணு, அன்னிக்கு ஒரு நாளு வீட்டப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டையே கொண்டு போனேன்.

என் எண்ணம் கெட்ட எண்ணம் அல்ல. இருவரும் பிறந்து வளர்ந்த வீட்டை, பாகம் படாத முழு வீடாகக் கண்ணெதிரே வைத்தால் கல்லும் கரையும் என்று கணக்கிட்டேன். அந்த வீட்டின் தளத்தை ஒரு காலத்தில் நானே பழுது பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மூலையும் எனக்கு அத்துப்படி. அடிக்குக் கால் அங்குலம் என்று அளவு வைத்தேன். முற்றத்துத் தூண்கள், கிணற்றின் சகடை, கொல்லைத் தென்னை என எதையும் விடவில்லை. கூரைப் பூச்சின் பாரத்தில் கேக் நடுவே தொய்ந்தது. தொய்கிற தளத்தை எந்த மேஸ்திரி சும்மா விடுவான்? கறி சுடப் பயன்படுத்தும் மூங்கில் குச்சிகளை வாங்கி, தளத்துக்கு அடியில் வரிசையாக உத்திரம் பாவினேன். உத்திரத்தைக் குறுகலான பக்கத்தில், சுவருக்குச் சுவர் போடுவதுதான் முறை. அந்த முறைப்படியே போட்டேன்.

கேக் என்பது வெட்டப்படும் பொருள் என்ற ஒரே ஒரு விஷயம் மட்டும் என் நினைவுக்கு வரவில்லை. கட்டிய ஒன்றை ஒருவர் கத்தியால் அறுப்பார் என்று நினைத்து எந்தக் கட்டடத்தையும் நான் கட்டியதில்லை.

வாடகைக் காரில் குளிர்சாதனத்தை முழுதாகத் திருப்பி, வீட்டை மடியில் ஏந்தியபடி புதுச்சத்திரம் வழியாகச் சென்றோம். என் மனைவி முக்காடு போட்டு நடுங்கிக்கொண்டு வந்தாள். "இவ்ளோ பத்திரமா என்னை ஒரு நாளு எங்கியாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?" என்று அவள் கேட்டதற்கு, மேடு பள்ளத்தில் பேசக் கூடாது என்று பதில் சொன்னேன்.

செல்வி வீட்டுக் கூடத்தில் உறவினர் கூடியிருந்தனர். குமரேசன் வந்திருந்தார். கதவோரத்து நாற்காலியில், எந்த நேரமும் எழுந்து போகத் தயாரானவர்போல் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடிக்கும் என்று செல்வி பரங்கிப்பேட்டையிலிருந்து இறால் வரவழைத்து வறுத்திருந்தாள். அந்த வாசனை கூடம் வரை வந்தது. நான் பெட்டியைத் திறந்தேன்.

செல்வியின் முகம் வெளுத்ததை நான் கண்டேன். அது வியப்பு என்று நினைத்தேன்.

ஆனால் குமரேசன் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். "யோவ் மச்சான், இந்த ஜன்னல் கம்பி ஒண்ணு வளஞ்சிருக்குமே, அதக் கூட வச்சிருக்கியே!" என்றார்.

"அது நீ தலைய வுட்டு மாட்டிக்கினது," என்றார் தணிகாசலம், வேறு எங்கோ பார்த்தபடி.

"நானா மாட்டிக்கினேன்? நீ தான வுட்டுப் பாருன்னு சொன்ன!"

இருவரும் சிரித்தார்கள். கூடமே சிரித்தது. செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாழ்நாளில் எத்தனையோ வீட்டுக்கு நிலை வைத்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் அடைந்த பெருமிதத்தை எதிலும் அடைந்ததில்லை. அந்த நிமிடத்தில் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் இன்று நான் அக்குடும்பத்தின் குலதெய்வம்.

ஓடவில்லை. கத்தியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தவனே நான்தான்.

பிள்ளைகள் கை தட்டிப் பாடினர். மாப்பிள்ளை, நீளமான கேக்கை எவரும் எப்படி வெட்டுவார்களோ அப்படியே குறுக்கே வைத்து அழுத்தினார். கத்தி இரண்டு உத்திரங்களுக்கு நடுவே வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. முன்கட்டு தனியே வந்தது.

பாட்டு நின்றது. குமரேசனின் சிரிப்பும் நின்றது.

"என்னாண்ணே, கத்தி தானா அங்க போவுதா?"

"டேய், கேக்குடா இது."

"கேக்குதான். நீளமா வெட்டியிருக்கலாமே."

"நீளமா எவன்டா கேக்க வெட்டுவான்?"

"குடு, நான் வெட்டிக் காட்டுறேன்," என்று கத்தியை வாங்கினார் தம்பி. மிச்ச வீட்டை நீளவாக்கில் வெட்டினார். 'கடக்' என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் 'கடக்'. ரம்பம்போல் இழுத்துப் பார்த்தார். பிறகு மேல்தளத்தை விரலால் நெம்பித் தூக்கினார். சுவருக்குச் சுவர் வரிசையாகக் குச்சிகள், நான் பாவியபடியே ஒழுங்காகக் கிடந்தன.

"பாத்தீங்களா எல்லாரும்? நீளமாப் பிரிக்கவே முடியாத மாதிரி உள்ள கம்பி கட்டிக் கொண்டாந்துருக்காரு! மச்சானும் மாப்பிள்ளையும் பேசி வச்சித்தான் என்னைய வரச் சொன்னீங்களா?"

இந்த இடத்தில் நான் மௌனம் காத்திருந்தால்கூட ஏதேனும் மிஞ்சியிருக்கும். தொழில் மானம் விடவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல குமரேசா. குறுகலான பக்கந்தான் உத்திரம் போடணும். அதான் முறை," என்று விளக்கினேன்.

"கேட்டுக்க," என்றார் தணிகாசலம். பிறந்தநாள் சட்டையில் அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "மேஸ்திரியே சொல்லிட்டாரு. வீட்டுக்கே அதான் முறையாம்."

நான் சொன்னது அதுவன்று என்று யாரிடம் சொல்வது? என் மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். செல்வி பதறிப்போய், எப்படியாவது அந்த முதல் துண்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று, கைக்கு அகப்பட்ட பகுதியை அறுத்துத் தட்டில் வைத்துக் கணவர் கையில் திணித்தாள். "ஊட்டுங்க. பேசாம ஊட்டுங்க," என்றாள். அவள் குரல் கெஞ்சியது. மாப்பிள்ளையும், பாவம், தட்டை நீட்டத்தான் நீட்டினார். குமரேசன் தட்டைப் பார்த்தார். கொல்லைப் பகுதி அது. பச்சைக் கிரீமின்மேல் சதுரமாக ஒரு சாக்லேட் பிஸ்கட்.

"அண்ணி, இதுல எனக்குன்னு கக்கூச அறுத்து வச்சிருக்கீங்களே!"

நான் வாயெடுத்தேன். "நீங்க பேசாதீங்க!" என்று மனைவி, தங்கை இருவரும் ஒரே நேரத்தில் கத்தினர். அந்த அதட்டல் அடங்குவதற்குள் குமரேசன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். செல்வி வெறுங்காலோடு தெருமுனை வரை ஓடினாள். தனியாகத் திரும்பி வந்தாள்.

இறாலை ஒருவரும் தொடவில்லை. வந்தவர்கள் வெட்டிய வீட்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாகக் கலைந்தனர். நாங்கள் புறப்படும்போது செல்வி வாசல்வரை வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"ஒரு ரோசாப் பூ வச்சிருந்தா போதுமேண்ணே," என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் இன்றும் என்னை உறங்க விடுவதில்லை. அவள் என்னிடம் வேலைத்திறனைக் கேட்கவில்லை. இருவர் வாயில் வைக்கத்தக்க இனிப்பாக ஒன்றைக் கேட்டாள். நானோ என் கைத்திறனை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு, அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் கேக்கின் மூலை மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாகப் பிரிவினை அதன்பிறகு நீதிமன்றப் படி ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

நான் இப்போதும் கேக் செய்கிறேன். வட்டமான கேக், மேலே ரோஜாப்பூ, வேறொன்றும் இல்லை. ஆயினும் எந்த விசேஷத்துக்குக் கொண்டு போனாலும், கத்தியை எடுப்பவர் யாராக இருந்தாலும், "மேஸ்திரி, உள்ள கம்பி எந்தப் பக்கமா ஓடுது?" என்று கேட்ட பிறகே வெட்டுகிறார்கள். மூன்று வயதுப் பேத்திகூடக் கேட்கிறாள். (அவளுக்குக் கம்பி என்றால் என்னவென்றே தெரியாது.)

சென்ற தை மாதம் காட்டுமன்னார்கோயிலில் உறவுக்காரர் வீட்டுத் திருமணம். சாப்பாடு முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். குமரேசன் நான்கைந்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப்போல் உடலை விறைத்து நின்று, "அதான் முறை!" என்று நடித்தும் காட்டினார். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டனர். அவருக்குப் பின்வரிசையில், முதுகைக் காட்டியபடி தணிகாசலம் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. பக்கத்தில் இருந்த செல்வி அசையாமல் என்னைப் பார்த்தாள்.

"கடைசில தட்டுல என்னா வச்சிக் குடுத்தாங்க தெரியுமா?" என்றார் குமரேசன். "கக்கூசு!"

"கக்கூசு இல்ல," என்று ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளையின் குரல். அவர் திரும்பவில்லை, எதிரே இருந்த காலி நாற்காலியிடம் சொல்வதுபோல் சொன்னார். "செப்டிக் டேங்கு மூடி."

குமரேசன் நிறுத்தினார். அவரும் திரும்பவில்லை. சற்று யோசித்தார்.

"ஆங். செப்டிக் டேங்கு மூடிதான்," என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.

அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் அவர் குறிஞ்சிப்பாடிக்கும் இவர் சிதம்பரத்துக்கும் வெவ்வேறு பேருந்தில் ஏறிப் போனார்கள். செல்வி மட்டும் ஏறும்போது என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

உண்மையில் அந்த பிஸ்கட் துணி துவைக்கும் கல். அளவெடுத்து, கிணற்றுக்குத் தென்புறம் அதை வைத்தவன் நான். அன்று மண்டபத்தில் நான் வாய் திறக்கவில்லை.