சர்க்கரைத் தண்ணீரில் என் பல்செட்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் பல்செட் உட்பட அனைவரும் சுகம், என்னைத் தவிர. தாங்களும் அக்காவும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆராய்ச்சிப் படிப்புக்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் தங்கள் மகள் தங்கமான பெண். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் போன மாதம் ஒரு காலையில், குளியலறைத் தம்ளரில் ஊறிக்கொண்டிருந்த என் பல்செட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகைக்கடையில் நிற்பவள் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதைக் கடைசியா எப்பத் தேய்ச்சீங்க?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் கைதட்டுகிறாள்! பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, வழவழவென்று ஒரு படலம் போட்டு அதற்குள் குடித்தனம் நடத்துகின்றனவாம். அதற்கு உயிர்ப்படலம் என்று பெயராம். அதைப் படம் பிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சியாம். "சுரண்ட மாட்டோம், சாயம் ஊத்த மாட்டோம், தொடக்கூட மாட்டோம் மாமா. வெறும் வெளிச்சத்தை விட்டு அடிவரைக்கும் பாத்துடுவோம். ஒண்ணும் ஆகாது" என்றாள். ஒன்றும் ஆகாது என்றதும் நானும் பெரிய மனது பண்ணிக் கொடுத்துவிட்டேன்.

அந்த 'ஒண்ணும் ஆகாது'தான் மச்சான், என் வாயில் மண்ணைப் போட்டது. பழைய முறைப்படி சுரண்டி எடுத்துப் பார்த்திருந்தால் பாக்டீரியா அன்றைக்கே செத்திருக்கும், பல்செட் சாயங்காலமே வீடு வந்து சேர்ந்திருக்கும். இவர்கள் எத்தனை தடவை பார்த்தாலும் அது சாக மாட்டேன் என்கிறது. இன்று பார்த்தால், நாளை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளர்ந்திருந்தால், எதற்காக வளர்ந்தது என்று மறுநாள் பார்க்க வேண்டும். இதற்கு முடிவு ஏது? வேளை தவறாமல் அதற்குச் சர்க்கரைத் தண்ணீர், உடம்புச் சூட்டில் கதகதப்பாக ஒரு பெட்டி. எனக்கு மசித்த உருளைக்கிழங்கு. தங்கள் தங்கையிடம் முறையிட்டால், "அது வளர்ற வயசு. உங்களுக்கென்ன, சும்மாதானே உக்காந்திருக்கீங்க?" என்கிறாள்.

சும்மாவா உட்கார்ந்திருக்கிறேன்? வருகிற ஞாயிறு எங்கள் குடியிருப்புச் சங்கத் தேர்தல். காலமெல்லாம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன், அந்தக் குரலை நம்பித் தலைவர் பதவிக்கு நிற்கிறேன். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். எச்சில் தெறித்தது, கருத்து தெறிக்கவில்லை. பொறுக்க முடியாமல் நேற்று ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டேன். இருட்டறை, அதிர்வு தட்டாமல் இருக்கக் காற்றில் மிதக்கிற ஒரு மேசை, அதன் நடுவில் ஒளி வட்டத்துக்குள் ராஜா மாதிரி என் பல்செட். "மூச்சு விடாதீங்க மாமா, படம் ஆடிடும்" என்றாள் தங்கள் மகள். மூச்சு விடவில்லை. தும்மிவிட்டேன். அன்றைக்கு எடுத்த படமெல்லாம் பாழ். திரும்ப முதலிலிருந்து எடுக்க வேண்டுமாம்.

அங்கிருந்த பேராசிரியர் கோபப்படவில்லை. என்னை உட்கார வைத்துத் திரையில் பழைய படங்களைக் காட்டினார். மலை தெரிகிறது, பள்ளத்தாக்கு தெரிகிறது, நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால்கூடத் தெரிகிறது. எல்லாம் என் கடைவாயில்! அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவ்வளவு செழிப்பா நான் பாத்ததே இல்ல சார்" என்றார். பொய் சொல்வானேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரயில் தாமதம் என்று அறிவித்து அறிவித்து, யாரோ செய்த தப்புக்கு ஊர் முழுக்கத் திட்டு வாங்கியவன் மச்சான் நான். பாராட்டு எப்படி இருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

இருந்தாலும் பாராட்டை வைத்துக்கொண்டு மேடையில் பேச முடியாதே. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தங்கள் மகள் தட்ட மாட்டாள். சனிக்கிழமைக்குள் என் பல்செட்டைத் திருப்பித் தரச் சொல்லும்படி மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, நல்ல பற்களுடன் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
வாய் மட்டும் மிஞ்சிய தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தங்கள் மகள் பல்செட்டோடு வந்து நிற்கிறாள். "வெச்சுக்குங்க மாமா, இனிமே இது வேண்டாம். அப்பா அவரோட பல்செட்டைப் பார்சல்ல அனுப்பிட்டாரு. உங்களோடதைவிடப் படலம் ரெண்டு மடங்கு தடிமன்!" என்கிறாள். உங்களுக்குப் பல்செட் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். என் பல்செட்டின் படத்தை அவள் உங்களுக்கு அனுப்பியதும் உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை, அப்படித்தானே? மேலே எழுதிய எதையும் படிக்காதீர்கள். தேர்தலில் நிற்கவில்லை என்று சங்கத்துக்கு இப்போதே சொல்லியனுப்பிவிட்டேன். பல்செட்டையும் அவள் கையிலேயே திரும்பத் திணித்துவிட்டேன். நான் வாயில்லாப் பூச்சியாகவே செத்தாலும் பரவாயில்லை, முடிந்தால் என்னை முந்திப் பாருங்கள் மச்சான்.