எட்டு வருடமாகச் சுற்றுப்பயணத்தில் இருக்கும் அணி

குடுபல்லி
3-2-2001

வட்டாரக் கால்பந்துக் கழகத்தின் கௌரவச் செயலாளரும் என் மனைவியின் தம்பியுமான கோபிகிருஷ்ணனுக்கு, குடுபல்லி அணியின் செயலாளர் கங்கையா எழுதுவது. இங்கு நான் நலம், உன் அக்கா தாட்சாயணி நலம், பசு மட்டும் இரண்டு நாளாகச் சரியாகத் தீனி எடுக்கவில்லை. திருப்பதியில் நீயும் ஹரிதாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் கழகத்துக்கு எழுதும் இடங்களில் 'தாங்கள்' என்றும், மைத்துனனுக்கு எழுதும் இடங்களில் 'நீ' என்றும் எழுதியிருக்கிறேன். கோபம் வருகிற இடங்களில் எல்லாம் நீதான்.

தாங்கள் அனுப்பிய கழக வரலாற்று மலரின் அச்சுப்படியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். சந்திரகிரி அணிக்கு நான்கு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அவர்களுக்குப் பின்னால் கோட்டை இருக்கிறது, படம் நன்றாக விழுகிறது. எங்களுக்குப் பின்னால் ரயில்வே ஸ்டேஷன் கக்கூஸ்தான் விழும், அதற்காக நான் வருத்தப்படவில்லை. எங்களுக்கு ஒரே வரி. "குடுபல்லி அணி 1993இல் கலைந்தது." இந்த வரியை யாரோ மண்டல ரெவின்யூ ஆபீசில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். இல்லாத அணிக்கு மைதானம் எதற்கு என்று, எங்களுக்குக் கொடுத்திருந்த இரண்டு ஏக்கரைப் பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு எடுத்துக்கொள்ளப்போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஒட்ட வேறு இடம் கிடைக்காமல் எங்கள் கோல் கம்பத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள். பதினான்காம் தேதி அதிகாரி பார்வையிட வருகிறார். அதற்குள் தாங்கள் அந்த வரியை அடித்துவிட்டு, அணி இருக்கிறது என்று கழக முத்திரை போட்டு ஒரு கடிதம் தர வேண்டும். அணி கலையவில்லை. சுற்றுப்பயணத்தில் இருக்கிறது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். நான் கால்பந்தைக் காலால் கற்றவன் இல்லை, படித்துக் கற்றவன். பங்காருபேட்டையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் விதிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நானே படித்தேன். ஆஃப்சைடுக்கு மட்டும் ஒரு மாதம் ஆனது. 1988இல் அணியை ஆரம்பித்தேன். 1993 பொங்கல் கழிந்த மறுவாரம் பதிமூன்று ஆட்டக்காரர்களோடு பத்து நாள் சுற்றுப்பயணம் புறப்பட்டோம். பங்காருபேட்டை, மாலூர், பெங்களூர், ஓசூர் என்று நான்கு ஆட்டம். பங்காருபேட்டையில் நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். அதை வேடிக்கை பார்த்த ஒரு கட்டட மேஸ்திரி, நம் கோல்கீப்பர் சிரஞ்சீவியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மாடிக்குத் தூக்கிப் போடும் செங்கல்லைப் பிடிக்க இந்த ஆள் வேண்டும் என்றார். "நாலு கோல் விட்டவன் இவன்" என்று நான் உண்மையை மறைக்காமல் சொன்னேன். சிரஞ்சீவி குறுக்கே வந்து, "பந்து எந்தப் பக்கம் வரும்னு தெரியாது மாமா, செங்கல்லு நேரா கைக்கே வருது" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். மாலூரில் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி, ஓட்டுச் சூளையில் தங்கிவிட்டார்கள். பெங்களூரில் மைதானத்துக்கு அடுத்த காம்பவுண்டு ஒரு ரெடிமேட் துணி கம்பெனி. இடைவேளையில் நான்கு பேர் அங்கே தண்ணீர் குடிக்கப் போனார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஷிப்ட் மூன்று மணிக்கு என்று சொல்லி, இரண்டாவது பாதியில் பத்து நிமிடம் மட்டும் ஆடிக் கொடுத்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

ஓசூர் போய்ச் சேரும்போது ஆறு பேர். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் செல்லாது என்பது விதி. எதிரணி ஒரு கம்பெனி அணி. அவர்களிடமே ஐந்து பேரைக் கேட்டு வாங்கி, நம் சட்டையைப் போட்டுவிட்டு ஆட வைத்தேன். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். இரண்டு கோலையும் அடித்தது வாங்கிய ஆட்கள்தான், ஆனால் சட்டை யாருடையதோ கோல் அவர்களுடையது. நம் அணியின் இந்த வெற்றியையும் மலரில் சேர்க்கவும். ஆட்டம் முடிந்ததும், கொடுத்த ஐந்துக்கு ஈடாக நம் ஐந்து பேரை அந்தக் கம்பெனி வேலைக்கு வைத்துக்கொண்டது. மீதி நானும் கேப்டன் பழனியும். பஸ் ஸ்டாண்டில் பழனி, "ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன் மாமா, பந்தப் பாத்துக்கோ" என்று போனான். எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அக்கா வாசலிலேயே நிறுத்தி, "பதிமூணு பேரக் கூட்டிக்கினு போயி பந்த மட்டும் கூட்டிக்கினு வந்துகிறியே, வெக்கமா இல்ல?" என்றாள். சிரஞ்சீவியின் அம்மா செங்கம்மா தெருவெல்லாம் கேட்க என் குலத்தையே இழுத்துப் பேசினாள். மூன்றே மாதம். அதே செங்கம்மா புதுப் புடவையில் வந்து, "அடுத்த டூர் எப்பண்ணா? சின்னவன் துன்னுட்டு துன்னுட்டுப் படுத்துக்கினு கீறான், இவனயும் சேத்துக்கோ" என்கிறாள். ராமகுப்பத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தது. மேலத் தெரு கலைவாணி தானும் வருவதாகச் சொன்னாள். பந்து உதைக்கத் தெரியுமா என்று கேட்டேன். "தையல் வரும் மாமா" என்றாள். 1995இல் பதினேழு பேரோடு இரண்டாவது சுற்றுப்பயணம். பங்காருபேட்டையில் ரயில் நின்றது, ஆட்டம் அங்கேதான், நான் பந்தோடு இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கை காட்டிக்கொண்டே பெங்களூர் போய்விட்டார்கள். மைதானத்தில் நான் ஒருவனாக நின்றேன். அந்த ஒரு தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

நம் அணி விதி ஏழு சொல்வது: சுற்றுப்பயணம் என்பது அணி புறப்பட்ட நாள் முதல் ஊர் திரும்பும் நாள் வரை. அணி இன்னும் திரும்பவில்லை. மலைக்குப் போனவர்கள் தரிசன வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது, அந்தக் குடும்பம் கலைந்துவிட்டது என்று யாராவது எழுதுவார்களா? திருப்பதியில் இருந்துகொண்டு உனக்கே இது தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? போன வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேனே, அப்போது நீ என்ன கேட்டாய்? "டீம்னா ஊர்ல ஒர்த்தனாவது இருக்கணும் இல்ல மாமா?" நான் இருக்கிறேன் என்றேன். "நீ பிளேயர் இல்லியே." செயலாளர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அணியின் தலைமையிடம், விதி நான்கு என்றேன். "அந்த விதிய யாரு மாமா எழுதுனது?" நான்தான் என்றேன். நீ சிரித்தாய். சிரித்த நேரத்துக்கும் பூத்காரன் மீட்டர் ஓட்டினான்.

கோபி, சிரிக்கிற விஷயம் இல்லை இது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகள் காணும் பொங்கலன்று அந்த மைதானத்தில்தான் இறங்குகிறார்கள். தொப்பை போட்டுவிட்டது, பத்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது, ஆனாலும் இறங்குகிறார்கள். இந்த வருடம் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேர் என்றால் சட்டப்படி அது ஆட்டம். அங்கே பட்டுக்கூடு மார்க்கெட் வந்துவிட்டால், அடுத்த பொங்கலுக்கு அவர்கள் எங்கே வந்து நிற்பார்கள்? வீட்டில் இரண்டு நாள் டி.வி. பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். அதற்கடுத்த வருடம் அதற்கும் வரமாட்டார்கள். அதனால் சொல்கிறேன், பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பந்தை வைத்துக்கொண்டு, மைதானத்தின் நடுவில் நான் நிற்பேன். யார் போனாலும் இந்த ஊரில் நான் ஒருவன் இருப்பேன். இதை எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

உனக்கும் உன் குடும்பத்துக்கும் அந்த ஏழுமலையான் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். கழகத்துக்கு என் மரியாதையான வணக்கம். ஹரிதாவின் இருமலுக்கு மிளகுக் கஷாயம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
கங்கையா,
செயலாளர், குடுபல்லி அணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது சிரஞ்சீவி பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தான். பெங்களூரில் அவன் சூப்பர்வைசராக இருக்கும் கட்டடத்தின் கேட்டில் உட்கார, நோட்டில் இங்கிலீஷில் எழுதத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனே வேண்டுமாம். உன் அக்கா என்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டாள். பசுவை செங்கம்மா பார்த்துக்கொள்வாள். இருவரும் நாளை மறுநாள் திங்கட்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்புகிறோம். ஆகையால் ஊரில் நான் ஒருவன் இருப்பேன் என்று மேலே எழுதியதைத் தாங்கள் தயவுசெய்து அடித்துவிடவும். மற்ற எதிலும் கை வைக்க வேண்டாம். முத்திரைக் கடிதத்தை சிரஞ்சீவியின் விலாசத்துக்கு அனுப்பவும். அதில், அணி சுற்றுப்பயணத்தில் இருக்கிறது, செயலாளர் அணியோடு சேர்ந்துகொள்ளப் போயிருக்கிறார், பொங்கலுக்கு எல்லோரும் திரும்புவார்கள் என்று எழுதவும்.