கலங்கரை விளக்கக்காரர் செத்தாரா, இல்லையா?

ஒரே ஜோடியைச் சேராத இரண்டு செருப்புகளுக்குள் இருக்கும் என் பெரியப்பாவின் பாதங்களுக்கு, வால் பணிவோடு எழுதிக்கொள்வது.

தலை நீங்கள், வால் நான். நடுவில் இருக்கும் உடம்பு, அதாவது அப்பா, மூன்று வாரமாகச் சரியில்லை. பதறாதீர்கள், காய்ச்சல் இல்லை, கோபம்தான். மற்றபடி இங்கே அம்மா நலம், நான் நலம், டிவி நலம், சோஃபாவின் இடது மூலை மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் நலத்தையும் பெரியம்மாவின் நலத்தையும் கடைக்கு வந்து போகிறவர்களின் கண் நலத்தையும் அறிய ஆசை. போனிலேயே கேட்டிருப்பேன். எங்கள் வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் நீங்கள் எடுப்பதில்லை என்று பெரியம்மா அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். அதனால் இந்தக் கடிதத்தைச் சுருட்டி ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் கண்ணாடி யாருடையது என்பது போகப் போகத் தெரியும். இப்போதைக்கு அதைப் போட்டுக்கொண்டு படியுங்கள், என் கையெழுத்துக்குத் தேவைப்படும்.

முதலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் நடந்தபடி பார்ப்பதில்லை. நம் வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் அப்பாவும் சேர்ந்து போட்டதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி, திரைச்சீலை இழுத்துவிட்ட ஹால், உங்கள் ஓடிடி கணக்கில் புதிதாக வந்த ஒரு படமோ தொடரோ. ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தர் அதைத் தொடவே கூடாது. சட்டம் இரும்பு, அதை இதுவரை மீறியவர் கிடையாது. ஆனால் சட்டம் போட்டவர்கள் நாற்பதாவது நிமிஷத்தில் தூங்கிவிடுவார்கள், அதுதான் சிக்கல். அப்பா பள்ளி பஸ் ஓட்டுகிறவர், விடிகாலை நாலரைக்கு எழுகிறவர், அவர் தூக்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் பத்து மணிக்குக் கண்ணாடிக் கடையைத் திறக்கிறவர், உங்கள் நியாயத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். தூங்கி எழுந்து இரண்டு பேரும் ஒரு அபிப்பிராயம் சொல்வீர்களே, முழுப்படத்தையும் பார்த்தவன்கூட அவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டான். "வண்டி நல்லாதான் கெளம்புச்சு, பாதிக்கு மேல ஏத்தத்துல திணறுதுண்ணா" என்பார் அப்பா. "பவர் பத்தலடா, தூரத்துக் கதை தெளிவா இருக்கு, கிட்டக் கதை மங்கல்" என்பீர்கள் நீங்கள். துணி மடித்துக்கொண்டே, திரையை ஏறிட்டும் பார்க்காமல் காதாலேயே படம் பார்க்கும் அம்மா, "இந்தப் படத்துல ஏன் இத்தனை வாட்டி கதவைச் சாத்துறாங்க?" என்பாள். மூன்று விமர்சனங்களில் அதுதான் எப்போதும் உருப்படி.

இனி குற்ற ஒப்புதல். நீங்கள் இருவரும் தூங்கிய பிறகு ரிமோட் யாருடையது? விழித்திருப்பவளுடையது. இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு துப்பறியும் படத்தில் பிணம் கிடைத்த இடத்தில் நீங்கள் சாய்ந்தீர்கள், நான் சத்தமில்லாமல் சமையல் போட்டிக்கு மாற்றினேன். அப்பா கண் விழித்தபோது ஒருத்தர் பெரிய கத்தியால் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, "கதை எப்படித் திரும்பிருச்சு பாத்தியா! நான் நெனைக்கவே இல்ல" என்றார். நான் குஷனைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தக் குஷனில் இன்னும் பல்தடம் இருக்கிறது, எலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ருசி விடவில்லை பெரியப்பா.

அப்புறம் வந்தது அந்த ஞாயிறு. கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்க்கும் தாடிக்காரர் படம். அவர் மூன்றாவது தடவையாகப் படிக்கட்டு ஏறும்போது சோஃபாவில் இரண்டு குறட்டை, ஒன்று சுருதி, ஒன்று தாளம். நான் தேடிப் பிடித்து, அதே தாடிக்காரர் ரயில் நிலைய அதிகாரியாக வரும் இன்னொரு படத்தின் கடைசிக் கட்டத்துக்கு மாற்றினேன். அதே தாடி, அதே சோகம், கடலுக்குப் பதிலாகத் தண்டவாளம். முடிவில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிறார். அந்த நேரம் பார்த்து அப்பா விழித்தார், பார்த்தார், ஒன்றுமே சொல்லாமல் டீ போட எழுந்து போனார். அவர் போனதும் நல்ல பிள்ளையாகக் கலங்கரை விளக்கத்தின் கடைசிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்கு ஓடினேன். அந்த இடைவெளியில் நீங்கள் விழித்திருக்கிறீர்கள். முகம் கழுவிக்கொண்டு வந்தால், டீ இன்னும் கொதிக்கவில்லை, சண்டை கொதிக்கிறது.

"பாவம்டா, கடைசியில கடல்ல விழுந்து செத்துட்டான்" என்றீர்கள்.

"யாரு செத்தா? பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிப் போறான்ணா."

"நான் பாத்தேன்டா! மேலேருந்து தொப்புன்னு விழுந்தான்."

"அவன் விழல, அவன் சாகல. நான் சொல்றேன்ல?"

"தூங்கிக்கிட்டே கனவுல பாத்ததை எல்லாம் படம்னு சொல்லாத."

"கண்ணாடி விக்கிறவனுக்கே கண்ணு தெரியலன்னா நான் என்னண்ணா பண்றது?"

அதுவரைக்கும் விளையாட்டு. அந்த வாக்கியத்தில் உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "தூங்கி வழியிற உன்னை நம்பி நாப்பது புள்ளைங்கள பஸ்ல ஏத்தி அனுப்புறாங்களே, அவங்களைச் சொல்லணும்" என்றீர்கள். அப்போது அப்பாவின் முகமும் மாறியது. பதினெட்டு வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்பு இல்லாமல் ஓட்டியவர். அம்மா மடித்த போர்வையோடு நடுவில் வந்து நின்று, "ஒரு தாடிக்காரனுக்காகவா?" என்று கேட்டாள். நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய், உங்கள் செருப்பில் ஒன்றையும் அப்பா செருப்பில் ஒன்றையும் மாட்டிக்கொண்டு, ஒரு கால் பழுப்பும் ஒரு கால் கறுப்புமாக, ராஜா மாதிரி நிமிர்ந்து தெருவில் நடந்து போனீர்கள். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் யாருக்கும் தைரியம் வரவில்லை.

மறுநாள் சோஃபா இடுக்கில் கைவிட்டபோது இந்தக் கூடும் கண்ணாடியும் கிடைத்தன. அதாவது கடைசிக் காட்சியைப் பார்த்தபோது உங்கள் மூக்கின்மேல் மூக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. ஆக நம் வழக்கில் சாட்சிகள் இரண்டு பேர். ஒருத்தர் வேறு படத்தைப் பார்த்தவர், இன்னொருத்தர் கண்ணாடி இல்லாமல் பார்த்தவர். இந்த லட்சணத்தில் ஒரு மனுஷன் செத்தானா பிழைத்தானா என்று மூன்று வாரம் பேசாமல் இருக்கிறீர்கள். உண்மை முடிவை நானும் இன்னும் பார்க்கவில்லை, பார்த்தால் நானும் ஒரு கட்சி ஆகிவிடுவேனே.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பயம்தான், வேறென்ன. நாலு நாளில் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் எதையும் முழுசாகப் பார்க்காதவர்கள், கோபத்தையும் பாதியில் விட்டுத் தூங்கிவிடுவீர்கள் என்று நம்பினேன். இதை மட்டும் கண் விழித்துக் கடைசிவரைக்கும் பார்க்கிறீர்கள்.

உங்களைச் சொல்கிறேன், அப்பாவும் அப்படித்தான். பெரியப்பா, அப்பா இப்போது தூங்குவதில்லை. ராத்திரி தூங்குகிறார், அதைச் சொல்லவில்லை. படத்தில் தூங்குவதில்லை! மூன்று ஞாயிறாக முழுப்படத்தையும் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து பார்க்கிறார். வீட்டில் எங்களால் தாங்க முடியவில்லை. புதுப்படம் தொடுவதில்லை, சட்டமாம், எல்லாம் பழையவை. முதல் ஞாயிறு அந்த மலையேறும் படத்தை மறுபடி போட்டார். எனக்கு அது பிடித்திருந்தது, பனி அழகு, ஆனால் நாலு பேரில் யார் விழுந்தார் யார் மிச்சம் என்று முகமூடி போட்டுக்கொண்டு விழுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறு மருத்துவமனைத் தொடரில் மூன்று பகுதி. அதில் டாக்டர்கள் நோயாளியைத் தவிர எல்லாரையும் பார்க்கிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வதற்கே நேரம் போதவில்லை. உங்களுக்கு ரொம்பப் பிடித்த தொடர் அது. "வண்டி எப்படிப்பா ஓடுது?" என்று நானாகக் கேட்டேன். "ம்" என்றார். ம்! ஒரு படத்துக்கு அரைமணி நேரம் விமர்சனம் சொல்கிற மனுஷன் ஒற்றை எழுத்தில் இறங்கிவிட்டார். போன வாரம் பேய்ப்படம் போட்டோம், பேய்கூடக் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது என்று நினைக்கிறேன். அம்மாதான் கடைசியில் சொன்னாள். "அவருக்குப் பக்கத்துல அண்ணன் இருந்தாதான் தூக்கம் வரும். சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே பாய்ல படுத்தவங்க."

வாசலில் இன்னொரு வேறுபட்ட ஜோடி கிடக்கிறது, ஒன்று உங்களுடையது, ஒன்று அப்பாவுடையது. அம்மா எடுத்து உள்ளே வைக்கப் போனாள். "அது அங்கயே இருக்கட்டும்" என்றார். தினமும் பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குகிறோம்.

உங்கள் தரப்பிலும் எனக்குத் துப்பு இருக்கிறது. உண்மையிலேயே கோபம் என்றால் மனுஷன் முதலில் மாற்றுவது பாஸ்வேர்டைத்தான். நீங்கள் மாற்றவில்லை. அப்புறம், நீங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷமாகக் காத்திருந்த பூட்டுக்காரர் தொடரின் இரண்டாம் பாகம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உங்கள் பெயருக்குக் கீழே அது நாற்பது நொடி ஓடி நிற்கிறது. அப்பா பெயருக்குக் கீழே ஐம்பத்திரண்டு நொடி ஓடி நிற்கிறது. தொடரைத் தொடவும் முடியாமல் தொடரவும் முடியாமல் இரண்டு பெரிய மனிதர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்கு வரவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

ஆகையால் குற்றவாளி நான்தான். அப்பா பொய் சொல்லவில்லை, நான் காட்டியதைப் பார்த்தார். நீங்களும் பொய் சொல்லவில்லை, தெரிந்தவரைக்கும் பார்த்தீர்கள். வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு வந்துவிடுங்கள். ரிமோட்டை நான் அம்மாவின் துணிக்கூடைக்குள் ஒப்படைத்துவிடுகிறேன். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள், நீங்களாக வந்ததாகவே இருக்கட்டும். "இந்தப் பக்கமா வந்தேன்" என்று சொன்னால் போதும். இந்தப் பக்கம் எங்கள் வீட்டைத் தவிர உங்களுக்கு வேறு எந்த வேலையும் இல்லை என்பதை அவர் யோசிக்க மாட்டார்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். கடைச் சுவரில் பெரிசிலிருந்து சிறிசாக இறங்கும் அந்த எழுத்துப் பலகையைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் ஆசீர்வாதத்தை நேரில் வந்து தலையில் குட்டாகவே கொடுத்தாலும், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தலை இல்லாமல் ஆடத் தெரியாத
வால்

பி.கு.: கடிதத்தைச் சுருட்டும்போது அப்பாவிடம் மாட்டிக்கொண்டேன். நின்றபடியே முழுசாகப் படித்தார். திட்டவில்லை, பேனாவை மட்டும் கேட்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து. அதைப் படித்த பிறகு மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், வேறு தாள் இல்லை.

அண்ணா,

படம் மாறியிருந்தது கண்ணைத் திறந்ததுமே தெரியும். பஸ் ஓட்டுகிறவனுக்கு ரூட் மாறினால் தெரியாதா? அந்தச் சமையல் போட்டியும் தெரியும். கதை திரும்பிவிட்டது என்று சொன்னது, பிள்ளை குஷனைக் கடித்துக்கொண்டு கஷ்டப்படுகிறதே என்றுதான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான் என்றது ஒரு மறைப்புக்குத்தான், நான் சண்டை போட்டது ரயில் படத்தை வைத்து இல்லை. கலங்கரை விளக்கத்தை நான் அதற்கு முந்தின வாரமே பார்த்துவிட்டேன். பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பெல் அடிக்கும்வரை, பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்க வரும் ஆயாம்மாவின் போனில், நாலு நாளாக. நீ இல்லாமல் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதை மறைக்கப் போய்த்தான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை வா. இடது மூலை உன்னுடையதுதான். என் செருப்பைப் போட்டுக்கொண்டே வா.

கடலில் விழுந்தது அவனுடைய கோட்டு. அவன் சாகவில்லை.