இருபதுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் அருளால் இங்கே எல்லோரும் நலம், உன் அத்தானின் முழங்காலைத் தவிர. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். உன் வீட்டில் அனைவரும் நலமாயிருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். உன்மேல் கோபமாக இருந்த நாட்களிலும் வேண்டிக்கொண்டேன் என்பதைக் குறித்துக்கொள்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நான் பதினைந்தாம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு என் பழைய பள்ளிச் சான்றிதழ் தேவை. அப்பாவின் பெட்டியோடு அது உன் வீட்டுக்குத்தான் வந்தது. மூன்று முறை போனில் கேட்டேன். "தேடுறேன்க்கா" என்றாய். பிறகு, "ஐம்பத்தோரு வயசுல சமன்பாடெல்லாம் உனக்கு வருமா?" என்று சிரித்தாய். வரும். வந்த கதையைக் கேள்.

பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் புத்தகம் வாங்கி, சிலிண்டர் மாற்றிய தேதி எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் நானாகவே போட்டுப் பழகினேன். சாமி அறைக்கு அலமாரிப் பெட்டி செய்ய வந்த தச்சரிடம், "அளவை நான் சொல்றேன், நீங்க அறுங்க" என்றேன். சுவர் இருநூறு சென்டிமீட்டர். ஒரே அகலத்தில் நான்கு பெட்டி, நடுவே சாமி படத்துக்கு இருபது. ஒரு பெட்டியின் அகலம் x என்றால், 4x + 20 = 200. இருபதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் கழிக்க வேண்டும் என்று புத்தகத்தில் கட்டம் கட்டியே போட்டிருக்கிறது, ஆனால் சாமிக்கு ஒதுக்கிய இருபதுக்கு முன்னால் கழித்தல் குறி போட எனக்குக் கை வரவில்லை, சாமியிடமிருந்தே பிடுங்குகிற மாதிரி இருந்தது, அதனால் கூட்டலாகவே விட்டுவிட்டேன், 4x = 220, x = 55 என்று மீதியில்லாமல் வந்ததும் சாமியே ஒத்துக்கொண்டதாக நினைத்துத் தச்சரிடம் சொல்லிவிட்டேன், அவரும் செய்துகொண்டு வந்தார், மூன்று பெட்டியும் படமும் உட்கார்ந்தன, நான்காவது பெட்டி நடைவழியில் நின்றுவிட்டது, அதில்தான் உன் அத்தான் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"சுவரைக் கொஞ்சம் இழுத்து விடவாம்மா?" என்றார் தச்சர்.

"எக்ஸைக் கண்டுபிடிச்சிட்டே. இப்ப அதை எங்க வைக்கிறதுன்னு கண்டுபிடி" என்றார் உன் அத்தான், முழங்காலைத் தேய்த்தபடி.

நான் அசரவில்லை. கை கால் கழுவி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கழித்தல் குறியைப் போட்டேன். 4x = 180. x = 45. திருப்பி வைத்தும் பார்த்தேன்: நான்கு நாற்பத்தைந்து நூற்றெண்பது, இருபது சேர்த்தால் இருநூறு. சாமிக்கு ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. தச்சர் ஒவ்வொரு பெட்டியிலும் பத்து சென்டிமீட்டர் குறைத்தார். நான்கும் கச்சிதமாக உட்கார்ந்தன. உன் அத்தான் டேப் வைத்து இரண்டு முறை அளந்துவிட்டு, "சரி, எழுது பரீட்சை" என்றார்.

ஆகவே தம்பி, சான்றிதழை உடனே பதிவுத் தபாலில் அனுப்பு. காணோம் கீணோம் என்றால் நானே பஸ் ஏறி வந்து உன் பரண் முழுவதையும் இறக்குவேன். தேர்வு எழுதியே தீருவேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,

அக்கா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள், பழைய அலமாரியைக் காலி செய்து புதுப் பெட்டிகளில் அடுக்கினேன். பிரார்த்தனைப் புத்தகங்களுக்கு அடியில் ஓர் உறை. உள்ளே என் சான்றிதழ். உறைமேல் என் கையெழுத்திலேயே, "பத்திரம். தம்பி கையில் கொடுக்கக் கூடாது." மேலே உன்மேல் சுமத்தியதை எல்லாம் என் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடு. கொண்டுவரும்போது குறியை மாற்ற மறந்துவிடாதே.