மச்சான் திருடாத ஆல்டர்னேட்டர்

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டை வெட்டுமுன் தேதி பார்ப்பேன். வெட்டிய பிறகும் பார்ப்பேன்.

என் காரை மனைவியின் தம்பி தினேஷ் ஒரு வாரம் ஓட்டிவிட்டு, கழுவித் துடைத்து, பெட்ரோலும் நிரப்பித் திருப்பிக் கொடுத்தான். அதுதான் உறுத்தியது. (எவன் பெட்ரோல் போட்டுத் தருவான்?) உடனே சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கினேன். வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பதினாலு வோல்ட்டாவது தர வேண்டுமாம், வீடியோவில் சொன்னார்கள். என் மீட்டர் பன்னிரண்டரை காட்டியது. பிரேக்கை மிதித்தால் மட்டும் பதினாலைத் தாண்டியது. நல்லதைக் கழற்றி விற்றுவிட்டு ஓட்டை ஆல்டர்னேட்டரை மாட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கே பெண் பார்க்க, மேனாம்பேட்டிலிருந்து பாரிவாக்கம் கிளம்பினோம். மே மாத வெயில். மாமியார் பட்டுப்புடவையில். வழியில் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று ஏசியை அணைத்தேன். பாட்டை நிறுத்தினேன். போன் சார்ஜரைப் பிடுங்கினேன். மீட்டர் ஏறவில்லை.

"ஏசி என்னாச்சு மாமா?" என்றான் தினேஷ். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அதை நீதான் சொல்லணும்."

மனைவி குடைந்து குடைந்து கேட்டதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மாமா, எனக்கு பானெட்டே திறக்கத் தெரியாது. வழியில எந்த மெக்கானிக்கிட்டயாவது காட்டுங்க. அப்புறம் பொண்ணு பாக்கலாம்" என்றான்.

சாலையோர ஷெட்டில் கன்னியப்பன் என்பவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். "கம்பெனி போட்டது அப்டியே கீது சார். போல்ட்டகூட யாரும் தொடல." பிறகு உள்ளே உட்கார்ந்து ஏசி, ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டார். மீட்டர் பதினாலைத் தாண்டியது.

"பேட்டரி ஃபுல்லா இருந்தா வண்டியே ஆல்டர்னேட்டர் வேலைய கொறச்சிரும் சார். இஞ்சினுக்கு பாரம் கம்மி, பெட்ரோல் மிச்சம், இழுவையும் நல்லாருக்கும். பிரேக் அடிக்கசொல்லோ சேத்து ஏத்திக்கும். நீ எல்லாத்தையும் ஆஃப் பண்ணிக்கினு வந்தா, அது கொறச்சுதான் காட்டும்." பின்சீட்டைப் பார்த்தார். "இதுக்கா அந்தம்மாவ இப்டி வேக வச்சி இட்டாந்தே?"

பெண் வீட்டில் காபிக்கு முன்னால் துண்டு கொடுத்தார்கள். ஏன் இப்படி நனைந்திருக்கிறீர்கள் என்று பெண் கேட்க, தினேஷ் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் சிரித்த சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

இன்றும் அவர்கள் எங்கள் வீட்டிலிருந்து ஒரு குடையை எடுத்துப்போனால்கூட, திருப்பித் தரும்போது அவள் சொல்வாள்: "அண்ணா, கம்பி எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிக்கோங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். (அவர்கள் போன பிறகு எண்ணுவேன்.)