தர்மாமீட்டரின் நீச்சல் சாஸ்திரம்

நல்லவர்கள் செய்கிற அநியாயத்தைக் கேட்க நாதியே கிடையாது. உயிரோடு இருந்த என் தகப்பனாரை, பட்டப்பகலில், பூந்தமல்லிச் சந்தையில், விஞ்ஞானத்தின் பெயரால் சாகடித்த மனிதர் ஒருவர் உண்டு. அவரை யாராவது 'தங்கமான மனுஷர்' என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பூந்தமல்லி தர்மாஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கெல்லாம் அவர் தர்மாமீட்டர். எதிரே யார் வாயைத் திறந்தாலும் அந்தக் கண்ணாடிக் குச்சியைச் செருகிவிடுவார். 'சௌக்கியமா?' என்று கேட்க வந்தவர்கள் பாதியிலேயே அடங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

யுத்த காலம் அது. ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. எவனோ ஒரு சிப்பாய் போட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் பத்திரிகை இவர் கையில் சிக்கியது. வெள்ளைக்காரர்கள் விஞ்ஞான முறைப்படி நீச்சல் பழகுவதை அதில் படத்தோடு போட்டிருந்தார்கள். பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தை வைத்துக்கொண்டு இவர் ஆள் தேடிக் கிளம்பினார். அகப்பட்டவன் நான்.

அகப்பட்டதற்குக் காரணம் இருந்தது. கார்த்திகையில் அயனம்பாக்கம் ஏரி நிரம்பியதும் எங்கள் ஊருக்கும் பருத்திப்பட்டுக்கும் நீச்சல் போட்டி நடக்கும். அக்கரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. தோற்றவன் ஜெயித்தவனைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் தெரு வழியாக மாரியம்மன் கோயில் வரை நடக்க வேண்டும். பருத்திப்பட்டில் ஒரு பயில்வான் இருந்தான். நெல்மூட்டைக்குக் கைகால் முளைத்த மாதிரி இருப்பான். இரண்டு வருஷமாக அவனைச் சுமந்தவன் நான்தான். தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு முதுகில் இருந்த அவனைவிடக் கனத்தது. மூன்றாவது தடவையும் சுமக்க நேர்ந்தால் ஊரைவிட்டே ஓடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"பலம் கீது உன்னாண்ட, சாஸ்திரம்தான் இல்ல. என் பேச்சைக் கேளு, இந்த வருஷம் அவன் உன்னைத் தூக்குவான்" என்றார் தர்மாமீட்டர்.

கேட்டேன். ஒரு தவளையைப் பிடித்துப் பீங்கான் பேசினில் விட்டு, அது உதைக்கிற மாதிரி என்னைப் பெஞ்சியில் குப்புறப் படுத்து உதைக்கச் சொன்னார். மூச்சு விடும்போதெல்லாம் நாடி பிடித்தார். கெண்டை மீன் குழம்பு உடம்பைக் கனக்க வைக்குமாம்! என் தட்டிலிருந்து மீனை எடுத்தவர், வீணாகக் கூடாதென்று தாமே தின்றார். அவருக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்கிறீர்களா? கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் 'முருகா முருகா' என்பார்.

போட்டி நெருங்கியதும் அடுத்த உத்தரவு வந்தது. "மயிரு தண்ணியைப் புடிச்சி இழுக்குதுடா. எல்லாத்தையும் மழிச்சிடு."

தலை, மீசை, மார்பு, கால் என்று ஒன்று விடாமல் மழித்தாயிற்று. "உங்க நைனா நல்லாத்தானே கீறாரு?" என்று அப்பாவைப் பற்றி நாவிதர் இரண்டு தடவை கேட்டார். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கே என் எடையைப் பார்க்கவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். தூறலில் என் ஒற்றை வேட்டி நனைந்து சொட்டியது. சந்தைக்கு நடுவில் என்ன தோன்றியதோ, என்னை நிறுத்தி வாயில் குச்சியைச் செருகினார். அந்த நேரம் பார்த்து எதிரே வந்தாள் என் அத்தை, அப்பாவின் தங்கை. பாரிவாக்கத்திலிருந்து கத்திரிக்காய் விற்க வந்திருந்தாள். மொட்டைத் தலை, மழித்த மீசை, இடுப்பில் ஈர வேட்டி. தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வருகிற பிள்ளைக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

"டேய், இன்னாடா இது கோலம்? எங்க அண்ணன் எங்கடா?"

"ம்ம்ம்" என்றேன். வாயில் குச்சி இருந்தால் வேறென்ன சொல்ல முடியும்?

"ஐயா, ஆஸ்பத்திரிக்காரரே, நீயாவது சொல்லுய்யா!"

தர்மாமீட்டர் குச்சியை உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சூடு அவர் நினைத்த அளவுக்கு இல்லை போலிருக்கிறது. வருத்தமாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

அத்தை கூடையைப் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பாரிவாக்கத்து ஜனம் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. நாங்கள் மூச்சிரைக்க வீடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. கையில் கூழ்க் கிண்ணத்தோடு நடுவில் நின்றார் அப்பா. அவரைக் கண்டு மயங்கி விழுந்த அத்தைக்கு யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ் கம்பவுண்டரு! நான் நெஜமா செத்தாகூட நீ என் ஊட்டாண்ட வரக்கூடாது!"

"கோவப்படாதீங்க. உடம்பு சுடும். எங்க, வாயைத் தொறங்க" என்றார் தர்மாமீட்டர்.

அன்று அவர் உயிர் பிழைத்தது மாரியம்மன் புண்ணியம்.

போட்டி நாளும் வந்தது. தண்ணீரில் இறங்குமுன் குளிர் ஏறாமலிருக்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். "எண்ணெய் கனம், கூடாது" என்று கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டார். பயில்வானோ எண்ணெய் வழிய வந்து நின்றான். குதித்தோம். பொய் சொல்லக் கூடாது, மழித்த உடம்பு வழுக்கிக்கொண்டுதான் போனது. அக்கரையை முதலில் தொட்டவன் நான். திரும்பும்போதுதான் குளிர் எலும்புக்குள் இறங்கியது. கெண்டைக்காலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. ஊரில் உள்ள வாயெல்லாம் சூடு பார்த்த மனுஷர் ஏரியில் ஒரு விரலை விட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? பயில்வான் என்னைத் தாண்டிப் போனான். எங்கள் ஆட்கள் என்னை இழுத்துக் கரையில் போட்டார்கள்.

நொண்டிக்கொண்டு எழுந்து, பல்லைக் கடித்து, சுமக்கக் குனிந்தேன். தர்மாமீட்டர் என்னைத் தள்ளிவிட்டார்.

"நவுரு. சொன்னபடியெல்லாம் செஞ்சவன் நீ. தோத்தவன் நான்தான்" என்று பயில்வான் முன்னால் போய்க் குனிந்தார்.

"வாணாம் சாரே, ஒடிஞ்சிடுவே" என்றான் பயில்வான்.

"ஏறுப்பா."

ஏறினான். ஒல்லி மனுஷருக்குக் கால்கள் வெடவெடவென்று ஆடின. சேற்றில் விழுந்தார், எழுந்தார், மறுபடி குனிந்தார். சிரிக்கக் காத்திருந்த தெரு சிரிக்கவில்லை. பயில்வானே கூசிப்போய் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினான். இவர் கேட்டால்தானே! கோயில் வாசலில்தான் இறக்கினார்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! என் தோல்வி அது, என்னுடையது. என்னைக் கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டு போக இவர் யார்? அந்தக் கோபத்தில் வருஷம் பூராவும் அவரோடு பேசவில்லை.

மறு ஐப்பசியில் முதல் மழை விழுந்தது. அது விடுவதற்குள், குடைகூட இல்லாமல், அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"இன்னாடா?" என்றார்.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றேன்.