கத்திரி அண்ணாச்சியின் இரண்டு அட்டைகள்

புனேயில் நல்ல படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அடுத்தவன் எடுத்த நல்ல படத்தைக் கெடுப்பதில் கத்திரி அண்ணாச்சிக்கு இணையான ஆள் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவர் அந்த ஊரை விட்டுப் போய் வருஷங்களாகிவிட்டன. என் வயிற்றெரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

தொண்ணூறுகளில் வங்கி எனக்கு மாற்றல் போட்டு அங்கே தள்ளியது. பாஷை தெரியாத ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு தண்டனை. அதிலிருந்து தப்பிக்க நாங்கள் ஏழெட்டுத் தமிழர்கள் கேமராவைப் பிடித்துக்கொண்டோம். மாதக் கடைசி ஞாயிறு சாங்வியில் அண்ணாச்சி வீட்டில் கூடுவோம். அவரவர் புதிதாக எடுத்த படத்தைப் பாயில் வைத்து, எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம், எங்கே நின்று எடுத்தேன் என்று ஒப்பிக்க வேண்டும். இது வரைக்கும் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

அதற்கப்புறம்தான் அண்ணாச்சி. பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. வாரமெல்லாம் கழித்துக்கட்டிய கை ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருக்குமா? சட்டைப் பையிலிருந்து 'ட' வடிவத்தில் இரண்டு கறுப்பு அட்டைகளை எடுப்பார். அவற்றை எதிரும் புதிருமாகப் படத்தின் மேல் வைத்தால் நடுவில் ஒரு ஜன்னல் கிடைக்கும். அந்த ஜன்னலைச் சுருக்கிக்கொண்டே போவார். போதும் என்று தோன்றியதும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, கத்திரிக்கோலை நம் கையிலேயே கொடுத்துவிடுவார். எடுத்தவனே வெட்ட வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம்.

ஒருமுறை அணைத் தண்ணீர் ஓரம் முழங்கால் சேற்றில் விடியும்வரை நின்று ஒரு பூநாரைக் கூட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். அட்டை நகர்ந்தது. வானம் போனது, தண்ணீர் போனது, கூட்டம் போனது. ஒரே ஒரு கால் மட்டும் நின்றது.

"இது போதும்வே."

"அண்ணாச்சி, மிச்சப் பறவையெல்லாம்?"

"எதுக்குவே அதெல்லாம்? கூட்டம் வேணும்னா கல்யாண வீட்டுக்குப் போவும்."

வானவடியிலிருந்து ஒரு ரிடையர்ட் சுபேதார் வருவார். வேலூர்க்காரர். தன் பிரிவுபசாரப் படத்தை ஆசையாகக் கொண்டுவந்தார். அண்ணாச்சி அதில் விட்டுவைத்தது ஒரு பூட்ஸ்.

"யோவ், நடுவுல நிக்கிறது நான்பா!"

"தெரியுதுல்லா. பூட்சு பளபளன்னு இருக்கு. மூஞ்சி அப்பிடியா இருக்கு?"

சுபேதார் இரண்டு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. அப்புறம் வந்துவிட்டார். "இந்தாளு வாயால நல்லா இருக்குன்னு ஒரு வாட்டி கேட்டுட்டுதாம்பா சாவேன்" என்று என்னிடம் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நாங்கள் எல்லோருமே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

இந்தக் கூத்துக்கு நடுவே மதினி. அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பிள்ளைகள் இல்லாத வீடு. எங்களுக்குச் சுண்டல் கொடுப்பதும், வெட்டிப்போட்ட ஓரங்களைப் பெருக்கி எடுப்பதும் அவர்தான். வெளியே படம் எடுக்கப் போனால் டிவிப் பெட்டியில் வந்த தெர்மாகோல் அட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார். வெயிலை அந்த வெள்ளை அட்டையில் வாங்கிப் பூவின் நிழல் பக்கம் திருப்பிவிட வேண்டும். மணிக்கணக்கில் நிற்பார்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். "அம்பாசமுத்திரத்துல எங்கக்கா கேட்டுக்கிட்டே இருக்கா, நல்லதா ஒரு போட்டோ அனுப்புட்டின்னு. இத்தன பேரு கேமரா வச்சிருக்கிய, என்ன ஒண்ணு எடுக்கக் கூடாதா?" என்பார். நாங்கள் கேமராவைத் தூக்கும்போதே அண்ணாச்சியின் குரல் வரும். "மூஞ்சி எடுக்கதுக்கு லட்சுமி ரோட்டுல ஸ்டூடியோக்காரன் இருக்கான். ஃபிலிம்ம வீணாக்காம சோலியப் பாருங்கவே!" அந்த ஸ்டூடியோவுக்காவது கூட்டிக்கொண்டு போனாரா? அதுவும் இல்லை.

ஒருநாள் எம்பிரஸ் கார்டனில் நான் ஒரு ரோஜாவை எடுத்தேன். என்னிடம் இருந்த லென்ஸுக்குப் பூவை நெருங்க முடியாது. பூவோடு பாதித் தோட்டமும் சேர்ந்து வரும். மாதக் கடைசியில் பிரிண்டைப் பாயில் வைத்தால், ரோஜா கரிக்கட்டை மாதிரி இருந்தது. எல்லோர் கண்ணும் அந்தக் கறுப்பிலேயே இருந்தது. அண்ணாச்சி அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்.

"அட்டைய எங்கட்டி திருப்புன? பூவு கறுத்துல்லா போச்சு!"

"கை வலிச்சுது. லேசாத் திரும்பிட்டு" என்ற மதினி, தனக்குள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். கறுப்பு அட்டைகள் படத்தை மூடின. ஓர் இலை மிஞ்சியது. நான் வெட்டினேன். ஓரங்களை மதினி பெருக்கி எடுத்துப்போனார்.

அந்த மழைக்காலத்தில் மதினிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூட முழுதாகத் தாங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். கல்யாண ஆல்பம் ஊரில் எப்போதோ கறையானுக்குப் போயிருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்த உருவம் யாரென்று அண்ணாச்சிக்கே விளங்கவில்லை. பீரோவிலிருந்த ஆல்பங்களை ஒவ்வொன்றாக இறக்கினார். பழைய மராத்தி வீடுகளின் கதவுகள், பனித்துளி, மாட்டுக்கொம்பு, நனைந்த கல். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"எங்கவே இவ? எல்லா எடத்துக்கும் எங்கூடத்தானவே வந்தா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரான் வீட்டுக் கதவுக்குக் கொடுத்த மரியாதையைக் கட்டியவளுக்குக் கொடுக்காத மனிதர் கேட்கிற கேள்வியா இது? துக்க வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சுபேதார்தான் சொன்னார். "பிரிண்டைத்தானேப்பா வெட்டினோம்? நெகட்டிவ் முழுசாத்தானே இருக்கு."

அவரவர் வீட்டில் தேடினோம். எல்லாவற்றிலும் மதினி இருந்தார், ஆனால் துண்டு துண்டாக. ஒன்றில் முழங்கை, ஒன்றில் புடவைத் தலைப்பு, ஒன்றில் அட்டையைப் பிடித்த விரல்கள். கடைசியில் என் ரோஜா நெகட்டிவை டியூப்லைட் முன் பிடித்துப் பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். லேப்காரர் அதை வாங்கிப் பார்த்து, "சாஹேப், ஃபூல் தோ காலா ஆயா ஹை. பேக்கார் ஹை" என்றார். பூ கறுத்துவிட்டது, உதவாதாம். பூ எக்கேடும் கெடட்டும், ஓரம் விடாமல் பெரிதாகப் போட்டுக் கொடு என்றேன்.

படத்தின் இடது பக்கம் கரிந்த ரோஜா. வலது ஓரத்தில் மதினி. தெர்மாகோல் அட்டை முழுக்க அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அன்றைய வெயில் மொத்தமும் அந்த முகத்தில்தான். பல் தெரிய, நேராக என் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கை வலித்து லேசாகத் திரும்பியதாகத் தெரியவில்லை.

அண்ணாச்சி படத்தை வாங்கிப் பாயில் வைத்தார். பிறகு சட்டைப் பையில் கை விட்டார். அட இரக்கமற்ற பாவி, இப்போதுமா என்று எனக்கு ஓங்கி அறையத் தோன்றியது. அட்டைகளை வைத்தார். ரோஜா போனது, தோட்டம் போனது. மதினி மட்டும் நின்றார்.

"இது போதும்வே" என்று கத்திரிக்கோலை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "நீங்களே வெட்டுங்க."

முதல் தடவையாக அவரே வெட்டினார். கோணல்மாணலாக வந்தது.

அடுத்த கூட்டத்தில் அட்டைகள் வெளியே வரவில்லை. எந்தப் படத்தைக் காட்டினாலும் "நல்லா இருக்குவே" என்றார். சுபேதார் வேண்டுமென்றே கை ஆடிக் கலங்கிப்போன ஒரு படத்தைக் காட்டினார். அதற்கும் அதேதான். "அண்ணாச்சி, ஓரத்துல எவனோ நிக்கிறான் பாருங்க. வெட்டலாமா?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"நின்னுட்டுப் போட்டும்வே."

வெளியே வந்த சுபேதார் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். "இந்த வார்த்தைக்காப்பா இத்தன வருசம் வந்தோம்?" என்றார். எனக்கும் வாயெல்லாம் கசந்தது. வேலையில் ஓய்வு பெற்றதும் அண்ணாச்சி ஊர்ப்பக்கம் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது.

பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. நானும் ஒன்று வாங்கி, எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். முகம் தெரியாத ஆட்கள் சூப்பர், அருமை என்று எழுதுகிறார்கள். ஒருவனும் ஒரு ஓரத்தைக்கூடக் குறை சொல்வதில்லை. மதினிக்குச் செய்ததற்கு அண்ணாச்சியை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு படத்தை ஏற்றும்போதும், அந்தப் பாழாய்ப்போன மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எதுக்குவே இதெல்லாம்?" என்று கேட்கமாட்டாரா என்றுதான் இருக்கிறது.